கேன்யன் நாட்டுப் பழைய டோப்போ படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் சனி, ஞாயிறு வந்தால் மலையேறக் கிளம்பிவிடும் நம் தமிழ்க் கூட்டத்தில், ஆன்சைட் வேலை என்று ஒரு தடவையாவது அமெரிக்கா போய் கிராண்ட் கேன்யன் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்துப் பழைய டோப்போ படங்களை, அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் வரைபடங்களை, இறக்கி வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. ஹலசூரு ஏரிக்கரை நடையிலும் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கேள்வியை எடுத்தாலும் நான் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: படத்தில் இந்தக் கோடு போட்டவர் எங்கே நின்றுகொண்டு போட்டார்?

கேன்யன் நாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? அதைப் படம் வரைவதில் அப்படி என்ன கஷ்டம்?

யூட்டாவின் தென்பாதி, அரிசோனாவின் வடபாதி. கொலராடோ ஆறும் அதன் துணையாறுகளும் ஒரு பெரிய பீடபூமியை அறுத்துக்கொண்டு ஓடும் பகுதி. கிராண்ட் கேன்யன் மட்டும் 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம்.

மலை என்றால் உச்சிக்கு ஏறினால் போதும், நாலா பக்கமும் தெரியும். கேன்யனில் அது தலைகீழ். மேலே விளிம்பில் நின்றால் அடியில் ஓடும் ஆறு பெரும்பாலும் தெரியாது. அடியில் நின்றால் இரண்டு பக்கச் சுவரும் கொஞ்சம் வானமும்தான். ஒரு சர்வேயருக்கு வேண்டியது பார்வை. அதையே இந்த நிலம் மறைத்துவிடுகிறது.

முதலில் படம் வரைந்தது யார்?

பழங்குடிகளான ஹவசுபாய், ஹுவாலபாய், பையூட் மக்களுக்கு அந்த இடம் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். காகிதத்தில் ஏறியது 1857–58ல் ஜோசப் ஐவ்ஸ் தலைமையில் வந்த ராணுவப் பயணத்தில். நீராவிப் படகில் கீழிருந்து ஆற்றில் ஏறி வந்தார்கள். படகு பாறையில் மோதிய பிறகு தரை வழியாக, ஹுவாலபாய் வழிகாட்டிகளின் துணையோடு டயமண்ட் கிரீக் வரை இறங்கினார்கள்.

படம் வரைபவர் எக்லோஃப்ஸ்டைன் என்ற ஜெர்மானியர். ஹவசு பள்ளத்தாக்கில் அவர் ஒரு மர ஏணியில் இறங்க, ஏணி உடைந்து அவர் கீழே போய்விட்டார். கூட வந்தவர்கள் துப்பாக்கி வார்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டுத்தான் மேலே இழுத்தார்கள். அவர் வரைந்த படத்தில் சமஉயரக் கோடே, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடே, கிடையாது. சுண்ணாம்புச் சிற்பத்தின் மேல் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுந்த மாதிரி நிழல் போட்டிருப்பார். சுவரில் மாட்டுவதற்கு இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. உயரம் எவ்வளவு என்று கேட்டால்தான் அது வாய் திறக்காது.

பவல் 1869ல் ஆறு முழுக்கப் படகில் போனாரே, அந்தப் படம் எங்கே?

பலர் எதிர்பார்க்கும் அளவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஜான் வெஸ்லி பவல் ஒரு நிலவியலாளர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். 1869 மே 24ஆம் தேதி வயோமிங்கின் கிரீன் ரிவரில் பத்துப் பேர், நாலு படகு என்று கிளம்பினார். சுமார் இரண்டு வாரத்தில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. படம் வரையும் பொறுப்பில் இருந்த ஓரமெல் ஹவுலண்ட் அந்தப் படகில்தான் இருந்தார், அதுவரை வரைந்ததெல்லாம் ஆற்றோடு போயிற்று. காற்றழுத்தமானிகளை மட்டும் சிதைந்த படகிலிருந்து மீட்டார்கள். உயரம் கணக்கிட அவர்களிடம் இருந்த ஒரே வழி அது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அந்தக் குறைவை வைத்து உயரத்தைக் கணக்குப் போடுவார்கள். வானிலை மாறினால் கணக்கும் மாறும். ஆகஸ்ட் 28ஆம் தேதி ஹவுலண்ட், அவர் தம்பி, இன்னொருவர் மூவரும் ஆற்றை விட்டு மேலேறிப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. மிச்சப் பேர் இரண்டே நாளில் கேன்யனின் மறுமுனைக்கு வந்துவிட்டார்கள்.

ஒழுங்கான படம் கிடைத்தது 1871–72ல் நடந்த இரண்டாவது பயணத்தில்தான். அதற்குரிய பெயர் பவலுக்குப் போய்விட்டது, வேலை அவருடைய மைத்துனர் ஆல்மன் தாம்சனுடையது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பவல் பாதி நேரம் வாஷிங்டனில் பணம் கேட்டுக்கொண்டிருக்க, குளிர்காலத்தில் யூட்டாவின் கனாப் ஊருக்குப் பக்கத்தில் 9 மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கேன்யன் நாடு முழுக்கப் பரப்பினார் தாம்சன். 1872 கோடையில் டர்ட்டி டெவில் ஆறு என்று நினைத்துப் பின்தொடர்ந்த ஓடை வேறொரு ஆறாக இருந்தது. எஸ்கலான்ட்டே. அமெரிக்கப் பெருநிலத்தில் கடைசியாகப் படத்தில் ஏறிய ஆறு அதுதான்.

அடிக்கோடு என்றால் என்ன? எதற்கு 9 மைல் அளக்க வேண்டும்?

முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்கிலேயே எடுத்துவிடலாம். பத்தாம் வகுப்புப் பாடம்தான். ஆக, தரையில் ஒரே ஒரு கோட்டை, இதுதான் அடிக்கோடு, மாதக்கணக்கில் பொறுமையாக அளந்துவிட்டால், அப்புறம் கேன்யனைக் குறுக்கே சங்கிலி பிடித்து அளக்கத் தேவையில்லை. கோணம் பார்த்தால் போதும்.

இதைத் தெரிந்துகொள்ள அரிசோனாவுக்குப் போக வேண்டாம். முக்கோண முறையில் இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன் இங்கே முதன்முதலில் அடிக்கோடு அளந்தது 1800ல், நம் பெங்களூருக்குப் பக்கத்தில். அவர் பயன்படுத்திய 100 அடி எஃகுச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய் அவர் வேண்டாம் என்று திருப்பியது. 1802ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் இன்னொரு கோடு அளந்து, முக்கோணங்களை இழுத்துக்கொண்டே பெங்களூர் வரை வந்தார். 1804ல் இங்கே மறுபடி அளந்து சரிபார்த்தார். 7 மைல் சொச்சக் கோட்டில், கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு! 1868ல் பெங்களூரில் திரும்பவும் ஒரு அடிக்கோடு அளந்தார்கள். அதன் ஒரு முனையில், ஹென்னூர்–பாகலூர் சாலைப் பக்கம் கண்ணூரில் நின்ற பழைய கட்டடம் 2024ல் இடிந்து விழுந்துவிட்டது. பக்கத்தில் அபார்ட்மென்ட் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும்?

என்னிடம் 1880களின் ஷீட் ஒன்று இருக்கிறது. ஊர் பெயரெல்லாம் அழகாக இருக்கிறது. அதை வைத்து நடக்கலாமா?

கூடாது. 1886 வாக்கில் வந்த கைபாப், எஸ்கலான்ட்டே மாதிரியான ஷீட்டுகள் 1:2,50,000 அளவில் (படத்தில் 1 அங்குலம் என்றால் தரையில் 2,50,000 அங்குலம்), கோட்டுக்குக் கோடு 250 அடி உயர வித்தியாசம் வைத்துப் போட்டவை. 200 அடிச் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். பெரிய பீடபூமி எங்கே, ஆறு எந்தத் திசை என்று பார்க்க நல்ல படம். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. இத்தனைக்கும் தென்கிழக்கு யூட்டாவின் பல பகுதிகளுக்கு 1950கள் வரை இதைவிட நல்ல டோப்போ படம் கிடையாது.

கிராண்ட் கேன்யன் படங்களில் பழையதே நன்றாக இருக்கிறது என்று சொல்கிறீர்களே, எப்படி?

ஃபிரான்ஸ்வா மத்தேஸ் வரைந்ததைத்தான் சொல்கிறேன். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் வேலை பார்த்தவர். 1902ல் கேன்யனின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டார். 1:48,000 அளவு, கோட்டுக்குக் கோடு 50 அடி. தென்விளிம்பு 6,900 அடியை ஒட்டி, ஆறு 2,400 அடியை ஒட்டி. ஆகவே விளிம்பிலிருந்து ஆறு வரை ஏறக்குறைய தொண்ணூறு கோடுகள். எல்லாம் கையால்.

கருவி பிளேன் டேபிள். மூன்று கால் மேல் ஒரு பலகை, அதில் ஒட்டிய தாள், தாளின் மேல் அலிடேட் என்ற தொலைநோக்கி பொருத்திய அளவுகோல். விளிம்பில் இடம் தெரிந்த ஒரு புள்ளியில் பலகையை நிறுத்தி, எதிரே தெரியும் ஒரு பாறைக் கோபுரத்தின் உச்சியைத் தொலைநோக்கியில் பிடித்து, அந்தத் திசையில் தாளில் ஒரு கோடு. பிறகு சில மைல் தள்ளி வேறொரு புள்ளியிலிருந்து அதே உச்சிக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் கோபுரம் நிற்கும் இடம். தூரம் தெரிந்துவிட்டது. உச்சி எத்தனை டிகிரி மேலே அல்லது கீழே என்று பார்த்தால் உயரமும் வந்துவிடும். இப்படிப் புள்ளிகளைப் பிடித்த பிறகு, அவற்றுக்கு இடையிலான கோடுகளை நிலத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே வரைவார்கள். ஆபீசுக்குப் போய் வரைவதில்லை. இதில்தான் மத்தேஸின் கை தெரியும்.

ஒரு தடவை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரெட்வால் சுண்ணாம்புப் பாறை 500 அடிக்குச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் பத்துக் கோடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தடித்த பழுப்புப் பட்டையாக ஓடும். அதற்குக் கீழே டான்ட்டோ மேடை வந்ததும் கோடுகள் சட்டென்று விலகிக்கொள்ளும். மறுபடி ஆற்றங்கரைக் கருங்கற் சுவரில் நெருங்கும். பாறை அடுக்குகளின் படிக்கட்டு அப்படியே தெரியும். நிலவியல் தெரிந்தவர் வரைந்த கோட்டுக்கும், வெறும் உயரப் புள்ளிகளை இணைத்த கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது.

வடவிளிம்புக்குப் போவதே தனிக் கதை. அப்போது பாலம் இல்லை. பாஸ் என்ற பாதையில் இறங்கி, ஆட்கள் படகில், சவாரி மிருகங்கள் படகின் பின்னால் நீந்தி, மறுகரையில் ஏறினார்கள். திரும்பும்போது பிரைட் ஏஞ்சல் ஓடை வழியே இறங்கினார்கள். அந்த ஒரு ஓடையை 94 முறை கடக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தப் பள்ளத்தில் நார்த் கைபாப் பாதை ஓடுகிறது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளிம்பிலிருந்து தெரிந்த பக்கம் பிரமாதம். கோபுரங்களின் முதுகுப்புறம், பக்கவாட்டுப் பிளவுகளின் உள்வளைவு ஆகியவற்றை அத்தனை நம்பக் கூடாது. நான் முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் உதவும். படத்தில் ஒரு இடத்தைப் பார்த்ததும், விளிம்பில் எந்த முனையிலிருந்து இது கண்ணுக்குப் பட்டிருக்கும் என்று கேளுங்கள். எந்த முனையிலிருந்தும் படாது என்றால், அங்கே இருப்பது நல்ல ஊகம்.

அந்தப் படத்தில் சிவன் கோயில், விஷ்ணு கோயில் என்றெல்லாம் இருக்கிறதே அண்ணா, நம்ம ஆட்கள் யாராவது போனார்களா?

இல்லை. கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவ அதிகாரி, நிலவியலாளர், கீழைநாட்டுக் கட்டடக்கலையில் மயங்கியவர். 1882ல் வந்த தன் கேன்யன் ஆய்வில் பாறைக் கோபுரங்களுக்கு அந்தப் பெயர்களை வைத்தார். மத்தேஸ் உள்ளிட்ட பின்னால் வந்தவர்கள் அதே போக்கில் மற்ற தெய்வங்களையும் சேர்த்தார்கள். அங்கேயே வாழ்ந்த மக்கள் வைத்திருந்த பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். டட்டனின் ஆய்வோடு வந்த அட்லஸில் வில்லியம் ஹோம்ஸ் வரைந்த விரிகாட்சிகளை மட்டும் தவறவிடாதீர்கள். புகைப்படத்தில் மங்கலாகப் போகும் அடுக்குகள் அவர் கோட்டில் ஒவ்வொன்றாகத் தெரியும்.

செங்குத்துச் சுவரில் கோடுகள் ஒன்றாகிவிடுகின்றன. அச்சுப் பிழையா?

இல்லை, நேர்செங்குத்து என்றால் அப்படித்தான் வரும். பாறை வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் சமஉயரக் கோட்டால் அதைச் சரியாகக் காட்ட முடியாது.

விளிம்பிலிருந்து ஆறு தெரியாது என்கிறீர்கள். அப்படியானால் ஆற்றை எப்படி அளந்தார்கள்?

ஆற்றிலேயே போய். 1923ல் கர்னல் கிளாட் பேர்ட்ஸ்ஐ தலைமையில் ஒரு குழு ஆகஸ்ட் 1ஆம் தேதி லீஸ் ஃபெர்ரியிலிருந்து மரப்படகுகளில் கிளம்பி அக்டோபர் 19ஆம் தேதி நீடில்ஸ் போய்ச் சேர்ந்தது. அணை கட்ட இடம் தேடுவதுதான் நோக்கம். தலைமைப் படகோட்டி எமரி கோல்ப், தென்விளிம்பில் ஸ்டூடியோ வைத்திருந்த புகைப்படக்காரர். கரையில் ஒருவர் அளவுக்கோலைப் பிடித்து நிற்க, இன்னொருவர் பிளேன் டேபிளிலிருந்து அதைப் பார்த்து வரைய, வளைவுக்கு வளைவு இப்படியே நகர்ந்தார்கள்.

ரேடியோ கொண்டுபோயிருந்தார்கள். ஜனாதிபதி ஹார்டிங் இறந்த செய்தி கேன்யனுக்குள்ளேயே அவர்களுக்கு எட்டியது. இறுதிச் சடங்கு நாளில் வேலையை நிறுத்தி ஒரு நாள் தங்கினார்கள், அங்கே ஆறு சீறிப் பாயும் இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். செப்டம்பரில் லாவா ஃபால்ஸ் அருகே ஆறு திடீரென்று 20 அடிக்கு மேல் ஏற, படகுகளை இழுத்து மேலேற்றியபடியே இரவைக் கழித்தார்கள். வெளியே இவர்கள் செத்துவிட்டார்கள் என்ற பேச்சே கிளம்பிவிட்டது.

பலன் 1:31,680 அளவில் 21 ஷீட்டுகள். கரையில் கோட்டுக்குக் கோடு 50 அடி, ஆற்றின் நீர்மட்டத்துக்கோ 5 அடி. ஒரே தாளில் இரண்டு விதமான கவனம். ஆறு 5 அடி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகள் கூட்டமாக நெருங்கினால் அங்கே ஆறு சீறிப் பாய்கிறது என்று பொருள். மத்தேஸ் மேலே நின்று பார்த்ததை இவர்கள் கீழே நின்று பார்த்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றில் குழப்பமாக இருப்பது மற்றதில் தெளிவாக இருக்கும்.

அணையில் மூழ்கிப்போன இடங்களின் படம் கிடைக்குமா?

கிடைக்கும். பழைய ஷீட்டுகளுக்கு இன்றும் ஆட்கள் அலைய முக்கியக் காரணமே அதுதான். க்ளென் கேன்யன் அணையின் மதகை 1963ல் மூடினார்கள். பவல் ஏரி முழுக்க நிரம்ப 1980 ஆயிற்று. அதற்கு முன்னால், 1921ல், கெல்லி ட்ரிம்பிள் தலைமையில் சான் ஹுவான் ஆற்றையும், வில்லியம் செனோவெத் தலைமையில் கேட்டராக்ட் கேன்யனையும் அளந்துவைத்திருந்தார்கள். சான் ஹுவானின் கீழ்ப்பகுதி இன்று ஏரிக்குள். அந்த வளைவுகளையும் மணல் திட்டுகளையும் கோடுகளில்தான் பார்க்க முடியும். 2023ல் ஏரி, நிரம்பிய பிறகு காணாத அளவுக்கு வற்றியபோது, வெளியே தலைகாட்டிய பக்கப் பள்ளங்களை அடையாளம் பிடிக்கப் பழைய படங்கள் திரும்பக் கைக்கு வந்தன.

அணை கட்ட அளந்த படமே அணை மூழ்கடித்ததற்கு மிஞ்சிய சாட்சி. விசித்திரம்தான்.

விமானப் படம் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

வேகம் வந்தது. இரண்டு விமானப் படங்களை ஒருசேரப் பார்த்து, நிலம் முப்பரிமாணத்தில் எழும்பும் கருவியில் கோடுகளை இழுத்தார்கள். மறைவிடங்களின் முதுகுப்புறம் முதல் தடவையாகச் சரியாக வந்தது. ஆனால் 1960களில் வந்த 1:62,500 கிராண்ட் கேன்யன் படங்களில் கோட்டுக்குக் கோடு 80 அடி! அறுபது வருடம் முந்தைய மத்தேஸ் படத்தைவிடச் சன்னம் குறைவு. மேலிருந்து நேர்கீழே பார்க்கும் கேமராவுக்கும் அதற்கென்று குருடு உண்டு. யூட்டாவின் ஒடுங்கிய பிளவுகள் சில இடங்களில் ஒரு ஆள் தோள் அகலம்தான் இருக்கும், அடியில் எப்போதும் நிழல். பின்னால் வந்த 1:24,000 படங்களில் இடைவெளி 40 அடி. 30 அடி வறண்ட அருவி ஒன்று நடுவில் இருந்தால் அதிலும் தெரியாது. இறங்கின பிறகுதான் தெரியும், அப்போது கயிறு இல்லாவிட்டால் கதை முடிந்தது.

இந்தக் குறையைப் போக்க வந்தவர்கள் பிராட்ஃபர்ட் வாஷ்பர்ன், பார்பரா தம்பதி. 1971ல் நல்ல படம் ஒன்று கேட்டுக் கிடைக்காமல், அறுபதை ஒட்டிய வயதில் தாங்களே இறங்கினார்கள். ஹெலிகாப்டரில் கோபுர உச்சிகளில் இறங்கிப் பிரதிபலிப்பான்களை வைத்து, விளிம்பிலிருந்து லேசர் அடித்துத் தூரம் அளந்தார்கள். 1978ல் நேஷனல் ஜியாகிரஃபிக் வெளியிட்டது. பாறைகளை வரைந்தவர்கள் சுவிஸ் வரைபடக்காரர்கள். செயற்கைக்கோள் காலத்திலும் எனக்கு அதற்கு இணை தெரியவில்லை.

இந்தப் படங்களை எங்கே இறக்கலாம்? காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் டோப்போவியூ தளத்தில் 1884 முதல் வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஷீட்டுகள் இலவசம். இடத்தைத் தட்டினால் வருட வாரியாக வரும். ஒரே ஷீட்டின் இரண்டு, மூன்று பதிப்புகளையும் இறக்கிவிடுங்கள்.

பழைய படத்தில் ஜி.பி.எஸ். புள்ளி தள்ளி விழுகிறதே?

பூமியின் உருவத்தை வேறு மாதிரி வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அங்கே 1927க்குப் பிறகு வந்த பழைய ஷீட்டுகள் பெரும்பாலும் அந்த 1927ஆம் வருட அடிப்படையில். யூட்டா, அரிசோனாப் பக்கம் யு.டி.எம். என்ற மீட்டர் கட்டத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் வடக்கு–தெற்காகத் தள்ளும். கேன்யனில் 200 மீட்டர் என்றால் நீங்கள் காற்றில் நிற்கிறீர்கள். ஆப்பில் அடிப்படையை (டேட்டம்) மாற்றிக்கொள்ளுங்கள். திசைகாட்டியின் வடக்கும் அங்கே உண்மை வடக்கிலிருந்து 10 டிகிரி வாக்கில் கிழக்கே விலகும், பெங்களூரில் பழகிய கைக்கு இது மறந்துபோகும். பழைய ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்ட விலகல் அந்த வருடத்துக்கு உரியது, அதையும் அப்படியே எடுக்க வேண்டாம்.

நம்ம பக்கத்தில் இதைப் பழக இடம் இருக்கிறதா?

இருக்கிறது. பெண்ணாறு அறுத்த கண்டிகோட்டா, ஷீட் எண் 57 ஜே. காவிரி ஒடுங்கும் மேகதாது, 57 எச். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 ஷீட்டுகளை அவர்கள் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம், கோரமங்கலாவில் அவர்கள் அலுவலகமும் இருக்கிறது. கண்டிகோட்டாவில் சுவர் சுமார் 100 மீட்டர். 20 மீட்டர் இடைவெளியில் ஐந்தே கோடு, அதனால் படத்தில் சாதுவாகத் தெரியும். நேரில் போய் எட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

நம் ஷீட்டுகளில் எனக்குப் பிடித்த விஷயம், ஓடைக் கரையோரம் பொடியாக எழுதியிருக்கும் எண்கள்: ஒரு எண்ணும் கூடவே ஆங்கில ‘ஆர்’ எழுத்தும். கரை அத்தனை மீட்டர் உயரம் என்று அர்த்தம். கடல்மட்டத்திலிருந்து அல்ல, பக்கத்துத் தரையிலிருந்து. இரண்டு கோட்டுக்கு நடுவே தொலைந்துபோகும் 6 மீட்டர்ச் சரிவு இந்த எண்ணில் பிடிபடும். அமெரிக்க ஷீட்டுகளில் இந்த வழக்கம் இல்லை. பழைய எவரெஸ்ட் அடிப்படையில் (பூமியின் உருவத்துக்கு இங்கே வைத்திருந்த பழைய கணக்கு) வந்த ஷீட்டானால் ஜி.பி.எஸ். இங்கேயும் நூறு, இருநூறு மீட்டர் தள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் பழைய ஷீட் ஒன்று வாங்கினேன். மடிப்பில் கிழிகிறது. லேமினேட் செய்துவிடலாமா?

வேண்டாம். சூடும் பசையும் பட்டால் தாள் போச்சு, பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பை நீவி, அமிலம் இல்லாத உறையில் தட்டையாக வையுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது. நடைக்கு எடுத்துப்போக டிஜிட்டல் பிரதியை ஏ3யில் அச்சடித்து, அந்தப் பிரதியை வேண்டுமானால் லேமினேட் பண்ணிக்கொள்ளுங்கள். அச்சுக் கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அளவுவிகிதம் மாறிவிடும்.